இரண்டு வாரம் முன்னதாக ஒரு வாக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2024 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஒரு சிற்றூரில் வசிக்கும் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அதிபர் தேர்தல் நவம்பர் 5 என்று தொலைக்காட்சியில் அன்றாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மகளோ அதற்கு இரண்டு வாரம் முன்பே, ஒரு வேலைநாள் காலையில், ஊர் நூலகத்துக்குப் போய் வாக்களித்துவிட்டாள். கைப்பேசியைக் காரிலேயே விட்டுவிட்டு, என்னைச் சற்றுத் தள்ளி மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது சட்டையில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. உள்ளே பெயர் சரிபார்த்தவர் பேத்தியின் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவராம். வரிசையில் முன்னால் நின்றவர் பக்கத்துத் தெருக்காரராம். ஆளுக்கொரு நாளில் வாக்களித்தால் அது எப்படி ஒரே தேர்தலாகும்? தெரிந்த முகங்களுக்கு நடுவே போடும் வாக்கில் ரகசியம் என்னாவது? (திருச்சி வாசகி)

பதில்: அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு விடை அமெரிக்காவில் இல்லை, திருச்சியிலேயே இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. கடைசிக் கட்டம் ஜூன் 1 அன்று நடந்தது. எண்ணிக்கை ஜூன் 4. அதாவது நீங்களும் நானும் போட்ட வாக்கு 46 நாள் பூட்டிய அறையில் கிடந்தது. உங்கள் மகளின் வாக்கு காத்திருந்தது இரண்டே வாரம். ஆகவே வெவ்வேறு நாளில் வாக்களிப்பது நமக்குப் புதிதன்று. வாக்கு விழும் நாள் எத்தனையாக இருந்தாலும், முடிவு தெரியவரும் நேரம் ஒன்றாக இருக்கும்வரை அது ஒரே தேர்தல்தான் என்பது என் கருத்து. முன்னதாக விழுந்த வாக்குகளின் கணக்கை, வாக்குப்பதிவு முடிகிற நேரம்வரை அங்கே எந்த மாநிலமும் வெளியிடுவதில்லை. இங்கேயும் கடைசிக் கட்டம் முடியும்வரை வாக்குக்கணிப்பை வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. இரண்டு ஏற்பாடுகளின் நோக்கமும் ஒன்றே: பின்னால் வாக்களிப்பவர், முன்னால் வாக்களித்தவர்களின் மனத்தைப் பார்த்துவிட்டு வாக்களிக்கக் கூடாது.

வேறுபாடு ஒன்று உண்டு. நம் நாட்டில் நாளைத் தேர்தல் ஆணையம் நிர்ணயிக்கிறது. அங்கே அந்தக் காலவரம்புக்குள் நாளை வாக்காளரே தேர்ந்தெடுக்கிறார். இந்த வசதி எதற்கு என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் சிக்கலே இருக்கிறது. நவம்பர் மாதத்தின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்பது 1845-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதிபர் தேர்தலுக்காக வகுத்த நாள். அறுவடை முடிந்திருக்கும், கடுங்குளிர் தொடங்கியிருக்காது. ஞாயிறு வழிபாட்டை முடித்துக்கொண்டு திங்களன்று குதிரை வண்டியில் கிளம்பி கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவின்) தலைமை ஊரை அடைந்துவிடலாம் என்பது அந்தக் காலத்து உழவருக்கு ஏற்ற கணக்கு. உழவர்கள் குறைந்துவிட்டார்கள், செவ்வாய் மட்டும் அப்படியே நிற்கிறது. அது நாடு முழுவதற்குமான விடுமுறை நாளும் அன்று. நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. அங்கே தேசிய அளவில் அப்படி ஒரு விதி இல்லாததால், பணிநேரத்துக்கு நடுவே ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டியவர்களுக்கு முன்கூட்டிய வாக்களிப்பு ஒரு சலுகையாக அல்லாமல் தேவையாகவே வந்து சேர்ந்தது. 1864-இல் உள்நாட்டுப் போரின்போது படைவீரர்கள் முகாம்களிலிருந்தே வாக்களித்தது இதன் பழைய வேர். காரணம் எதுவும் சொல்லாமல் யாரும் முன்னதாக நேரில் வந்து வாக்களிக்கலாம் என்ற முறையை 1980-களின் பிற்பகுதியில் முதலில் கொண்டுவந்த மாநிலங்களில் உங்கள் மகள் வாழும் டெக்சஸும் ஒன்று. நியூயார்க் 2019-இல்தான் அந்த வழிக்கு வந்தது. கனெக்டிகட்டுக்கு 2024-தான் முதல் அனுபவம். கொரோனா ஆண்டான 2020-இல் தபாலிலும் நேரிலுமாக முன்னதாக வாக்களித்தவர்கள் 10 கோடிக்கு மேல். 2024-இல் 8 கோடிக்கு மேல். மினசோட்டாவில் இது தேர்தலுக்கு 46 நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. நமது 2024 காத்திருப்பின் அளவும் அதேதான் என்பது தற்செயலான ஒற்றுமை.

டெக்சஸில் அந்த ஆண்டு முன்கூட்டிய வாக்களிப்பு அக்டோபர் 21 முதல் நவம்பர் 1 வரை நடந்தது. உங்களை மரத்தடியில் உட்கார வைத்ததற்கும் கைப்பேசி காரிலேயே கிடந்ததற்கும் சட்டம்தான் காரணம்: வாக்களிக்கும் இடத்தைச் சுற்றி 100 அடிக்குள் பிரசாரமும் கூடாது, வேலையின்றி நிற்பதும் கூடாது, கைப்பேசியைப் பயன்படுத்துவதும் கூடாது. மகள் உள்ளே சற்று நேரம் எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கும் காரணம் உண்டு. அதிபர், மேலவை உறுப்பினர், கீழவை உறுப்பினர் ஆகியோரோடு முடிவதில்லை அந்த வாக்குச்சீட்டு. மாநில நீதிபதிகள், உள்ளூர் ஷெரிப் (காவல் தலைவர்), வரி அலுவலர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்சியை ஒரே தட்டில் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியேறும் வசதியையும் அந்த மாநிலம் 2020-இல் நீக்கிவிட்டது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே நாளில் அத்தனை பேரும் வந்து நின்றால் வரிசை என்ன நீளம் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி ரகசியம். பேருந்து ஓட்டுநர் உங்கள் மகளை அடையாளம் கண்டுகொண்டார் என்பதால் ரகசியம் உடைந்துவிடவில்லை. யார் வாக்களித்தார் என்பது எங்கும் ரகசியமாக இருந்ததே இல்லை. நம் சாவடிகளிலும் அலுவலர் பெயரைச் சத்தமாகப் படிக்கிறார், கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொள்கிறார்கள். டெக்சஸில் முன்னதாக வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியலையே பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம். கட்சிக்காரர்கள் அதைப் பார்த்து, வாக்களித்து முடித்தவரைத் தொலைபேசியில் அழைப்பதை நிறுத்திவிடுவார்கள். முன்னதாகவே போய் வாக்களிப்பதற்கு யாரும் வெளியே சொல்லாத காரணங்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். ரகசியமாக இருக்க வேண்டியது யாருக்கு என்பது மட்டுமே. சிற்றூரில் அதற்கு ஆபத்து வருவது பெயர் சரிபார்க்கும் மேசையிலிருந்து அன்று, எண்ணிக்கையிலிருந்து. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். தேர்தல் பணி இருப்பதால் இதுவரை ஒருமுறைகூட என் ஊர்ச் சாவடியில் வாக்களித்ததில்லை. எல்லாம் தபால் ஓட்டுதான். உறைக்குள் உறை, அதற்கொரு உறுதிமொழி, அதற்கொரு சான்றொப்பம். இவ்வளவும் எதற்கு? அந்த ஓட்டு உண்மையிலேயே எண்ணப்படுகிறதா? (திருநெல்வேலி மாவட்ட வாசகி)

பதில்: எண்ணப்படுகிறது, அதுவும் முதலில். எண்ணிக்கை நாளில் காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளைத்தான் எடுக்கிறார்கள்; இயந்திரங்களின் முறை அரை மணி நேரம் கழித்தே வருகிறது. தொலைக்காட்சிகள் காலையில் முழங்கும் முதல் முன்னிலை, பெரும்பாலும் உங்களைப் போன்ற ஆசிரியர்களும் காவலர்களும் போட்ட வாக்குகளின் முன்னிலைதான்.

உறைக்குள் உறை என்பது எரிச்சலூட்டும் ஏற்பாடாகத் தோன்றினாலும், இந்தியத் தேர்தல் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே. வாக்குச்சீட்டில் குறியிட்டுச் சிறிய உறையில் வைத்து ஒட்டுகிறீர்கள். அந்தச் சிறிய உறையையும், நீங்கள் யார் என்று சொல்லும் உறுதிமொழிப் படிவத்தையும் சேர்த்துப் பெரிய உறையில் வைக்கிறீர்கள். எண்ணும் இடத்தில் பெரிய உறை முதலில் பிரிக்கப்படுகிறது. உறுதிமொழி சரியா, கையொப்பமும் சான்றொப்பமும் உண்டா, அதிலுள்ள சீட்டின் வரிசை எண்ணும் சிறிய உறையின் மேல் எழுதிய எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். எல்லாம் சரியென்றால்தான் சிறிய உறை பிரியும். அதற்குள் உங்கள் பெயர் சொல்லும் காகிதம் வேறெங்கோ போய்விட்டிருக்கும். ஆளை அறிந்துகொள்ளும் கணமும் வாக்கைப் பார்க்கும் கணமும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருக்க இரண்டு காகித உறைகள் போதும் என்று கண்டுபிடித்தவர் யாராயினும் கெட்டிக்காரர். ஆனால் இதன் பலவீனமும் இங்கேதான். அவசரத்தில் உறுதிமொழியையும் சிறிய உறைக்குள் திணித்து ஒட்டிவிட்டால், அல்லது சான்றொப்பம் விடுபட்டால், வாக்கு எண்ணப்படாமலே தள்ளுபடியாகிவிடும்.

உங்கள் மாவட்டத்துக்கே இதில் ஒரு கதை உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அதிமுக வேட்பாளர் இன்பதுரை 49 வாக்கு வித்தியாசத்தில் திமுகவின் அப்பாவுவை வென்றார். தள்ளுபடியான தபால் வாக்குகள் 203. அவற்றின் உறுதிமொழிகளில் சான்றொப்பம் இட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்பதே வழக்கின் மையம். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்று வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தள்ளுபடியான தபால் வாக்குகளின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால் அவற்றை மீண்டும் கட்டாயம் சரிபார்க்க வேண்டும் என்று இப்போது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல் உள்ளது.

2023-இல் விதி மாறியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பு சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகத் தபாலில் சேர்க்கலாம். இப்போது தேர்தல் பணியாளர்கள் இதற்கென அமைக்கப்படும் மையத்திலேயே வாக்களித்துவிட வேண்டும். இதைச் சிலர் கெடுபிடி என்று குறைகூறுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாரக்கணக்கில் வீட்டு அலமாரியில் கிடக்கும் வாக்குச்சீட்டுக்கு விருந்தாளிகள் வரக்கூடும்; மையத்தில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

கேள்வி: என் தாத்தாவுக்கு 88 வயது. வீட்டிலேயே வாக்களிக்க விண்ணப்பித்துவிட்டு, பிறகு மனம் மாறிச் சாவடிக்குப் போகலாமா? அதிகாரிகள் கூடத்தில் வந்து நிற்கும்போது அவர் தயங்காமல் குறியிட முடியுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: போக முடியாது. அந்த விண்ணப்பமான 12டி படிவம் ஏற்கப்பட்டதும் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தபால் வாக்கு என்ற குறி விழுந்துவிடும்; பிறகு சாவடியில் அனுமதி கிடையாது. வருகிற நாளை முன்கூட்டியே தெரிவிப்பார்கள். அன்று அவர் வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு முறை வருவார்கள், அவ்வளவுதான். ஆகவே தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவத்தைக் கொடுக்கும் முன்பே தாத்தாவின் விருப்பத்தை (உங்கள் விருப்பத்தை அன்று) கேட்டுக்கொள்ளுங்கள். 2020 பிகார் தேர்தலிலும் 2021 தமிழ்நாட்டுத் தேர்தலிலும் 80 வயதைக் கடந்தவர்களுக்கு இருந்த இந்த வசதி, 2024 முதல் 85 வயதைக் கடந்தவர்களுக்கே என்று மாற்றப்பட்டது; 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனமுற்றோருக்கு வயது வரம்பு இல்லை.

வருகிறவர்கள் சிறு கூட்டமாகத்தான் வருவார்கள்: வாக்குப்பதிவு அலுவலர்கள் இருவர், காவலர், வீடியோ எடுப்பவர், விரும்பினால் வேட்பாளர்களின் முகவர்கள். குறியிடும்போது மறைப்பு வைக்கிறார்கள். அந்த நொடியைப் படம் பிடிக்கக் கூடாது என்பது விதி. தாத்தாவுக்குத் தயக்கம் வருமானால் அது அதிகாரிகளால் வருவதைவிட வீட்டு மனிதர்களால் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த ஐந்து நிமிடம் மகனும் பேரனும் அடுத்த அறைக்குப் போய்விடுவது நல்லது. சாவடியின் அட்டை மறைப்பு அண்டை வீட்டாரிடமிருந்து மட்டுமன்றி, குடும்பத்தாரிடமிருந்தும் நம்மைக் காக்கிறது என்பதை வீட்டு வாக்கு வந்த பிறகே பலர் உணர்ந்தார்கள்.

இந்த இடத்தில் ஷ்யாம் சரண் நேகியைச் சொல்லாமல் போக முடியவில்லை. இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில் கல்பா என்ற மலையூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் நாட்டின் பெரும்பகுதி 1952 தொடக்கத்தில்தான் வாக்களித்தது. ஆனால் குளிர்காலத்தில் பனி வழியை மூடிவிடும் என்பதால் அந்த மலைப்பகுதிக்கு மட்டும் 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவு வைத்தார்கள். அக்டோபர் 25 அன்று நேகிக்கு வேறு ஊரில் தேர்தல் பணி. அதனால் விடிந்ததும் முதல் ஆளாகத் தம் ஊர்ச் சாவடியில் வாக்களித்துவிட்டுக் கிளம்பினார்; நாட்டின் முதல் வாக்காளர் என்ற பெயர் அப்படித்தான் அவருக்கு வந்தது. 71 ஆண்டு கழித்து, 2022 இமாசலத் தேர்தலில், சாவடிக்கே போக வேண்டும் என்று 12டி படிவத்தை முதலில் திருப்பிக் கொடுத்தவர், உடல் ஒத்துழைக்காததால் நவம்பர் 2 அன்று வீட்டிலேயே தபால் வாக்கைச் செலுத்தினார். அது அவருடைய 34-ஆவது வாக்கு. நவம்பர் 5 அன்று காலமானார். வாக்குப்பதிவு நாள் நவம்பர் 12.

கேள்வி: முன்னதாகவே வாக்களித்த பிறகு வேட்பாளரின் சாயம் வெளுத்தால் என்ன செய்வது? (சேலம் வாசகர்)

பதில்: ஒன்றும் செய்ய முடியாது. 2017 மே 25 அன்று அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் ஒரு நாடாளுமன்ற இடைத்தேர்தல். முந்தின நாள் மாலை, வேட்பாளர் கிரெக் ஜியன்ஃபோர்ட்டே கேள்வி கேட்ட ஒரு செய்தியாளரைத் தாக்கினார். பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் பெருவாரியான வாக்குகள் அதற்கு முன்பே தபாலில் வந்து சேர்ந்துவிட்டிருந்தன, அவரே வென்றார். 2020 மார்ச் 3 அன்று ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பல மாநிலங்களில் நடந்த உட்கட்சித் தேர்தலில் கதை வேறு விதம். அதற்கு முந்திய இரண்டு நாள்களில் பீட் புட்டிஜஜும் ஏமி குளோபுச்சாரும் போட்டியிலிருந்து விலகினார்கள். முன்னதாக அவர்களுக்கு வாக்களித்துவிட்டவர்கள் களத்தில் இல்லாதவருக்கு வாக்களித்தவர்களானார்கள். மினசோட்டா போன்ற சில மாநிலங்கள், தபாலில் அனுப்பிய வாக்கை ஒரு குறிப்பிட்ட நாள்வரை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட இடம் தருகின்றன. சாவடியில் வாக்குத்தாளைப் படிக்கும் ஸ்கேனருக்குள் போன தாள் மட்டும் எங்கும் திரும்புவதில்லை. என் யோசனை எளியது: கட்சியை மட்டும் பார்த்து வாக்களிப்பவர் முதல் நாளே போகலாம், வேட்பாளரைப் பார்ப்பவர் கடைசி வாரம்வரை பொறுத்திருக்கலாம். நம் ஊரில் கடைசி வாரத்தில் தெரியவருவது வேட்பாளரின் தரமா, அவர் பையின் கனமா என்பது வேறு கேள்வி.

கேள்வி: விடிவதற்கு முன்பே மொத்த ஊரும் வாக்களித்து, எண்ணியும் முடித்துவிடும் ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறதாமே? (மதுரை வாசகர்)

பதில்: இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடகோடியில், மலைக் கணவாயை ஒட்டிய டிக்ஸ்வில் நாட்ச். பதிவு செய்த வாக்காளர் அனைவரும் வாக்களித்துவிட்டால் சாவடியை அப்போதே மூடிவிடலாம் என்கிறது அந்த மாநிலச் சட்டம். எனவே தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்குக் கூடுகிறார்கள். சில நிமிடங்களில் வாக்களித்து, எண்ணி, அறிவித்துவிட்டு உறங்கப் போகிறார்கள். 1960-இலிருந்து இந்த வழக்கம். அங்கிருந்த பால்சம்ஸ் விடுதியின் உரிமையாளர் நீல் டில்லட்சன், 2000 வரை தேர்தல்தோறும் முதல் வாக்கைப் போட்டவர். 102 வயதில் 2001-இல் மறைந்தார். இந்த மாநிலத்திலேயே ஹார்ட்ஸ் லொகேஷன் என்ற ஊரில் 1948-இலேயே நள்ளிரவு வாக்களிப்பு தொடங்கிவிட்டது. அதிகாலையில் பணிக்குப் போக வேண்டிய ரயில்வே தொழிலாளர்களின் வசதிக்காக வந்த ஏற்பாடு அது. டிக்ஸ்வில்லில் செய்தியாளர்கள் வந்து குவிவதற்கு அப்படி ஒரு காரணம் தேவைப்படவில்லை.

திருச்சி வாசகிக்குத் தருவதாகச் சொன்ன பாக்கி இங்கே இருக்கிறது. 1960-இல் அந்த ஊரின் முடிவு நிக்சன் 9, கென்னடி 0. 2020-இல் பைடன் 5, டிரம்ப் 0. இந்த இரண்டு இரவுகளிலும் மறைப்புக்குப் பின்னே நின்று, மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டு, எல்லா முறைகளையும் பிசகாமல் பின்பற்றினார்கள். முடிவை அறிவித்த நொடியில் அந்த ஒன்பது பேரின், ஐந்து பேரின் வாக்கு உலகுக்கே தெரிந்துவிட்டது. ஒருவரும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சாவடி சிறுத்து, முடிவும் சாவடிவாரியாக வெளிவந்தால் ரகசியம் கணக்கிலேயே கரைந்துவிடும். இது நம் ஊருக்கும் பொருந்தும்: சாவடிவாரி முடிவைப் பார்த்து எந்தத் தெரு எவருக்கு வாக்களித்தது என்று கட்சிக்காரர்கள் விரல்விட்டுச் சொல்வது இதனால்தான். திருநெல்வேலி ஆசிரியையின் தபால் வாக்கு தொகுதி முழுவதன் தபால் வாக்குகளோடு கலந்து எண்ணப்படுவதால், அந்த வகையில் சாவடி வாக்கைவிட அதுவே பத்திரமானது.

2024 நவம்பர் 5 நள்ளிரவில் டிக்ஸ்வில்லில் ஆறு பேர் வாக்களித்தார்கள். அவர்களில் நால்வர் குடியரசுக் கட்சியினராகப் பதிவு செய்தவர்கள். இருவர் எந்தக் கட்சியையும் சாராதவர்கள். முடிவு: கமலா ஹாரிஸ் 3, டிரம்ப் 3. அந்த நால்வரில் ஒருவராவது தம் கட்சிக்கு எதிராகக் குறியிட்டிருக்கிறார் என்பது நிச்சயம். எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அது யார் என்று இந்த முறை சொல்லிவிட முடியாது.